கேட் புஷ்: 19 வயதில் முதலிடம், 63 வயதில் மறுபடியும் முதலிடம்

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் நான்காம் பருவத்தில் ஒலிக்கும் 'ரன்னிங் அப் தட் ஹில்' என்ற பழைய ஆங்கிலப் பாடலைப் பாடிய கேட் புஷ் யார், அந்த ஒரு பாடலைத் தவிர வேறு ஏதேனும் செய்தாரா, இடையில் இத்தனை ஆண்டுகள் எங்கே போயிருந்தார் என்பது கேள்வி. ஒரே பாட்டில் பெயர் வாங்கியவர் அல்லர் அவர். தானே எழுதிப் பாடிய பாடலால் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்த முதல் பெண் அவர்தான். அது 1978-இல் நடந்தது. 'காணாமல் போனவர்' என்பது அங்குள்ள பத்திரிகைகள் கட்டிவிட்ட பேச்சு. ஒரு பாட்டு எப்போது, எந்த வடிவில், யார் கைப்பட வெளிவர வேண்டும் என்ற தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் பிறரிடமிருந்து தன் கைக்கு மாற்றிக்கொண்டு வந்த நீண்ட முயற்சியாகவே அவருடைய வாழ்க்கையை நான் பார்க்கிறேன். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1958 ஜூலை 30 அன்று லண்டனின் தென்கிழக்கு விளிம்பில் உள்ள பெக்ஸ்லிஹீத்தில் பிறந்தார். இயற்பெயர் கேத்தரின். தந்தை ராபர்ட் புஷ் மருத்துவர். தாய் ஹன்னா அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டைச் சேர்ந்த செவிலியர். வெல்லிங் பகுதியில் ஈஸ்ட் விக்கம் ஃபார்ம் என்ற பழைய பண்ணை வீட்டில் குடும்பம் வாழ்ந்தது. அண்ணன்மார் இருவரில் மூத்தவர் ஜான் கவிஞர், புகைப்படக்காரர்; அடுத்தவர் பேடி பல நாட்டு நாட்டுப்புற இசைக்கருவிகளைத் தேடிப்பிடித்து வாசிப்பவர். தாய்வழி வந்த அயர்லாந்து இசையும் அண்ணன்மார் கொண்டுவந்த பாடல்களும் வீட்டில் ஓயாமல் ஒலித்தன. கேட் பியானோவைத் தானாகவே கற்றுக்கொண்டு, பதின்ம வயதின் தொடக்கத்திலேயே பாடல் எழுத ஆரம்பித்தார். இந்தக் குடும்பம் பின்னாளில் வெறும் பின்னணியாக நின்றுவிடவில்லை. பேடி கிட்டத்தட்ட எல்லா ஆல்பங்களிலும் வாசித்தார், ஜான் அட்டைப் படங்களை எடுத்தார், பெற்றோரும் அண்ணன்மாரும் வணிக விவகாரங்களிலும் துணை நின்றார்கள். பதின்ம வயதில் இசைத்துறைக்குள் நுழைந்த ஒரு பெண்ணை அந்தத் துறை விழுங்கிவிடாமல் இருந்ததற்கு இந்த அரண் ஒரு முக்கியக் காரணம்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட ஒலிநாடாவைக் குடும்பத்தார் இசை நிறுவனங்களுக்கு அனுப்பியபோது ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. குடும்ப நண்பர் ஒருவர் வழியாக அந்த நாடா பிங்க் ஃபிலாய்ட் குழுவின் கிதார் கலைஞர் டேவிட் கில்மோரின் காதுக்கு எட்டியது. அவர் தம் சொந்தச் செலவில், தயாரிப்பாளர் ஆண்ட்ரூ பவலை முன்நிறுத்தி, 1975 ஜூனில் லண்டனின் ஏர் ஸ்டூடியோவில் முறையான ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தார். அப்போது கேட்டுக்கு வயது 16. அன்று பதிவானவற்றில் 'தி மேன் வித் தி சைல்ட் இன் ஹிஸ் ஐஸ்' உள்ளிட்ட இரண்டு பதிவுகள் மூன்றாண்டுகள் கழித்து முதல் ஆல்பத்தில் அப்படியே இடம்பெற்றன. பதினாறு வயதுப் பெண் பாடுகிறார் என்று முன்கூட்டிச் சொல்லாமல் அந்தப் பாடலை யாருக்காவது போட்டுக் காட்டினால், வயதை யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள்.

1976-இல் இ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது; ஆனால் வயது போதாது என்று உடனே களத்தில் இறக்கவில்லை. அந்த இடைவெளியில் லிண்ட்சே கெம்ப்பிடம் அபிநயமும் நடனமும் கற்றார், கேடி புஷ் பேண்ட் என்ற சிறு குழுவோடு தெற்கு லண்டன் மதுவிடுதிகளில் பாடினார். அந்தக் குழுவில் பேஸ் கிதார் வாசித்த டெல் பால்மர் பின்னர் பல ஆண்டுகள் அவருடைய வாழ்க்கைத் துணையாகவும், அதற்குப் பிறகும் ஒலிப்பதிவுப் பொறியாளராகவும் உடன் இருந்தார்.

இனி அந்த முதல் பாடல். எமிலி பிராண்டேயின் 'வதரிங் ஹைட்ஸ்' நாவலைத் தழுவி பிபிசி எடுத்த தொடரின் கடைசிச் சில நிமிடங்களை மட்டும் தற்செயலாகத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார் கேட். இறந்துபோன நாயகி கேத்தியின் ஆவி குளிரில் ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சும் காட்சி மனத்தில் தங்கிவிட்டது. 1977 மார்ச்சில், முழுநிலவு நாளின் நள்ளிரவில், சில மணி நேரத்தில் 'வதரிங் ஹைட்ஸ்' பாடலை எழுதி முடித்தார். எமிலி பிராண்டே பிறந்ததும் ஜூலை 30-இல்தான். சிறுவயதில் கேட்டை வீட்டில் அழைத்ததும் 'கேத்தி' என்றுதான். இந்தப் பொருத்தங்களைக் காட்டிலும் முக்கியமானது, பாடலை அவர் யாருடைய வாயிலிருந்து பாடினார் என்பது. கதையை வெளியிலிருந்து சொல்லாமல், ஆவியின் வாயாகவே பாடினார். அந்தக் கிறீச்சிடும் உச்சக்குரல் அவருடைய இயல்பான குரல் அன்று. பாத்திரத்துக்காகத் தேர்ந்தெடுத்த குரல். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் கேலிக்கூத்துகளில் அந்தக் குரலைப் பல ஆண்டுகள் போலிசெய்தார்கள்.

முதல் சிங்கிளாக, அதாவது தனிப்பாடல் இசைத்தட்டாக, 'ஜேம்ஸ் அண்ட் தி கோல்ட் கன்' என்ற ராக் பாடலை வெளியிடவே நிறுவனம் விரும்பியது. 19 வயதுப் பெண் 'வதரிங் ஹைட்ஸ்' தான் என்று பிடிவாதமாக நின்றார். 1977 நவம்பரில் வரவேண்டிய இசைத்தட்டின் உறைப்படமும் அவருக்குப் பிடிக்கவில்லை, மாற்றச் சொன்னார். அதற்குள் பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழு வெளியிட்ட 'மல் ஆஃப் கின்டயர்' பிரிட்டனில் இருபது லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்ற முதல் சிங்கிளாக ஊரையே அடித்துக்கொண்டு போனது. அதோடு மோத வேண்டாம் என்று வெளியீடு 1978 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. பிடிவாதம் நல்லதாகவே முடிந்தது. மார்ச் மாதம் அபா குழுவை இறக்கிவிட்டு முதலிடத்தைப் பிடித்த பாடல், நான்கு வாரம் அங்கேயே இருந்தது.

'தி கிக் இன்சைட்' என்ற அந்த முதல் ஆல்பத்தை ஆண்ட்ரூ பவல்தான் முன்நின்று உருவாக்கினார். தன் குழுவினரை வாசிக்க வைக்க வேண்டும் என்ற கேட்டின் விருப்பம் பெரிதாக எடுபடவில்லை. அனுபவமிக்க ஸ்டூடியோ கலைஞர்கள் வாசித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவசர அவசரமாக 'லயன்ஹார்ட்' வந்தது. நல்ல பாடல்கள் சில உண்டு, ஆனால் பெரும்பாலானவை முன்பே எழுதி வைத்திருந்தவை. அடுத்தவர் குறித்த தேதிக்குள் ஆல்பம் முடிக்கக் கூடாது என்ற பாடத்தை அவர் இங்கேதான் கற்றார் என்று தோன்றுகிறது. அதன்பின் அவர் எதையும் அவசரமாகத் தந்ததே இல்லை.

1979 ஏப்ரலில் லிவர்பூலில் தொடங்கிய இசைப்பயணம் பாட்டுக் கச்சேரி என்பதைவிட நாடகம் என்றே சொல்லத் தக்கது. நடனம், மாய வித்தை, பல முறை உடைமாற்றம் என்று இரண்டரை மணி நேரம் ஓடியது. ஆடிக்கொண்டே பாடக் கைகள் விடுதலையாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது, ஒலிப்பொறியாளர் உடை மாட்டும் கம்பியை வளைத்துத் தலையில் மாட்டும் ஒலிவாங்கி ஒன்றைச் செய்து கொடுத்தார். இன்று எல்லாப் பாப் மேடையிலும் காணும் தலைமாட்டி ஒலிவாங்கியின் மிக ஆரம்ப வடிவங்களில் அது ஒன்று. ஆனால் பயணத்தின் தொடக்கத்திலேயே, பூல் நகரில் நடந்த ஒத்திகை நிகழ்ச்சி முடிந்த பிறகு, ஒளியமைப்பாளர் பில் டஃபீல்ட் அரங்கில் தவறி விழுந்து உயிரிழந்தார். அவருக்காக மே 12 அன்று லண்டனில் சிறப்பு நிகழ்ச்சி நடந்தது. பாடகர்கள் பீட்டர் கேப்ரியலும் ஸ்டீவ் ஹார்லியும் உடன் பாடினார்கள். அந்தப் பயணத்துக்குப் பின் முழு அளவிலான அடுத்த கச்சேரிக்கு ரசிகர்கள் 35 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பீட்டர் கேப்ரியலின் நட்பு அவருக்கு ஒரு கருவியை அறிமுகப்படுத்தியது. ஆஸ்திரேலியாவில் தயாரான ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவி அது. எந்த ஒலியையும் பதிந்து, அதைக் கட்டைகளில் வைத்துச் சுரமாக வாசிக்கலாம். 'பபூஷ்கா' பாடலில் கண்ணாடி நொறுங்கும் ஒலியும், 'ஆர்மி ட்ரீமர்ஸ்' பாடலில் துப்பாக்கியைத் தயார்செய்யும் ஒலி தாளமாவதும் இப்படி வந்தவை. பின்னதைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். தாலாட்டுப்போல் அசையும் மூன்றடித் தாளத்தில், ராணுவப் பயிற்சிக்குப் போய்ப் பெட்டியில் திரும்பி வந்த மகனைப் பற்றித் தாய் பாடுகிறாள். கோபமே இல்லாத குரலில், அந்தப் பையன் வேறு என்னவெல்லாம் ஆகியிருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கிறாள். 1991 வளைகுடாப் போரின்போது பிபிசி ஒலிபரப்ப வேண்டாம் என்று தவிர்த்த பாடல்களில் இதுவும் ஒன்று. இவை இடம்பெற்ற 'நெவர் ஃபார் எவர்' 1980-இல் பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. தனிப் பாடகியாக ஒரு பிரிட்டிஷ் பெண் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை. இந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவுப் பொறுப்பை ஜான் கெல்லியுடன் பகிர்ந்துகொண்டார். அடுத்ததில் பகிர்வும் இல்லை.

அந்த அடுத்தது, 1982-இல் வந்த 'தி ட்ரீமிங்'. முழுக்க அவரே பொறுப்பேற்றுப் பல ஸ்டூடியோக்களில் மாறி மாறிப் பதிந்தார். அமெரிக்கப் படையை எதிர்கொள்ளும் வியட்நாம் வீரன், வித்தைக்காரர் ஹூடினியின் மனைவி, சுரங்கங்களுக்காக நிலம் பறிபோகும் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் என்று ஒவ்வொரு பாடலிலும் ஒரு புதிய உயிர் பேசுகிறது. ஹூடினி பாடலில் குரல் கரகரக்க வேண்டும் என்பதற்காக, பாடகர்கள் ஒதுக்கும் சாக்லேட்டையும் பாலையும் வேண்டுமென்றே உண்டுவிட்டுப் பாடினார். ஆல்பம் மூன்றாம் இடம் வரை போனாலும் விரைவில் இறங்கிவிட்டது. தலைப்புப் பாடல் 48-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. நிறுவனத்துக்கு மகிழ்ச்சியில்லை. நெருக்கமும் நெரிசலும் மிகுந்த ஆல்பம்தான், ஒரே மூச்சில் கேட்டால் களைப்பு வரும். ஆயினும் இதைச் செய்து பார்த்திராவிட்டால் அடுத்தது வந்திருக்காது.

வாடகை ஸ்டூடியோவில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் போகிறது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாட்டு செய்ய வேண்டியிருக்கிறது என்பதால், 1983-இல் குடும்பப் பண்ணையில் இருந்த களஞ்சியக் கொட்டகையையே ஸ்டூடியோவாக மாற்றினார். இது அவர் எடுத்த தீர்மானங்களிலேயே மிகப் பெரியது என்பேன். வழக்கமாகப் பாடலை முதலில் மாதிரியாகப் பதிந்து, பிறகு நல்ல ஸ்டூடியோவில் மீண்டும் முதலிலிருந்து பதிவார்கள். அந்த இரண்டாம் பதிவில் முதல் பதிவின் உயிர் போய்விடுவது எல்லாப் பாடகருக்கும் உள்ள குறை. கேட் வீட்டிலேயே மாதிரியைப் பதிந்து, அதன்மேலேயே அடுக்கடுக்காகச் சேர்த்து முடித்தார். 'ரன்னிங் அப் தட் ஹில்' பாடலில் நிற்காமல் உருளும் அந்த முரசுத் தாளம் டெல் பால்மர் மின்தாள இயந்திரத்தில் அமைத்தது; அதன்மேல் அழுவதுபோல் வரும் பல்லவி இசை ஃபேர்லைட்டில் கேட் வாசித்தது. ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் ஏன் புரிந்துகொள்ள முடிவதில்லை, கடவுளோடு ஓர் உடன்பாடு செய்து இருவரும் இடம் மாறிப் பார்த்தால் புரிந்துவிடுமோ என்பதுதான் கரு. பாடலுக்கு அவர் வைத்த பெயர் 'எ டீல் வித் காட்'. கடவுளின் பெயர் தலைப்பில் இருந்தால் மதப்பற்று மிகுந்த நாடுகளின் வானொலிகள் ஒதுக்கிவிடும் என்று நிறுவனம் அஞ்சியது. முந்தைய ஆல்பத்தின் சரிவு நினைவில் இருந்ததால் இந்த ஒருமுறை அவர் இறங்கி வந்தார். 1985-இல் அது பிரிட்டனில் மூன்றாம் இடத்தையும் அமெரிக்காவில் முப்பதாம் இடத்தையும் பிடித்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' ஆல்பம் மடோனாவை இறக்கி முதலிடத்துக்கு வந்தது. இசைத்தட்டின் முதல் பக்கத்தில் தனித்தனிப் பாடல்கள். அவற்றில் 'கிளவுட்பஸ்டிங்', வில்ஹெல்ம் ரைக் என்ற உளப்பகுப்பாய்வாளர் கைது செய்யப்பட்டதை அவருடைய மகனின் கண் வழியாகச் சொல்வது. இதன் காணொளியில் நடிக்க டொனால்ட் சதர்லேண்ட் மறுத்துவிட்டபோது, கேட் நேரே அவர் தங்கியிருந்த ஹோட்டல் அறைக் கதவைத் தட்டிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். இரண்டாம் பக்கம் முழுவதும் 'தி நைன்த் வேவ்' என்ற ஒரே கதை. இரவில், கடலில், உயிர்காப்புச் சட்டையின் சிறு விளக்கோடு ஒரு பெண் மிதக்கிறாள். உறங்கினால் மூழ்கிவிடுவாள். உறக்கம் அழுத்த அழுத்த, பனிக்கட்டிக்கு அடியில் தன்னையே காண்கிறாள். சூனியக்காரி என்று விசாரிக்கப்படுகிறாள். ஆவியாக வீட்டுக்குப் போகிறாள், காத்திருக்கும் காதலனுக்கு அவளைத் தெரியவில்லை. பிறகு வருங்காலத்து அவளே வந்து, நீ இன்று செத்தால் நான் எப்படிப் பிறப்பேன் என்று மன்றாடுகிறாள். அந்த இடத்தில் அயர்லாந்துக் கலைஞர்கள் வாசிக்கும் துள்ளல் இசை வெடிக்கிறது. தாயின் நாட்டு இசை அங்கே அலங்காரமாக இல்லாமல் உயிர்ப்பிச்சை கேட்கும் முன்னோர் குரலாகவே வந்து நிற்கிறது. பூமியை வானிலிருந்து பார்க்கும் பாடலின் நடுவே ஜார்ஜிய நாட்டுப்புறப் பாடல் ஒன்று ஆண்களின் சேர்ந்திசையாக எழுகிறது. விடியலில் மீட்பு. ஏழு பாடல்கள், சுமார் இருபத்தைந்து நிமிடம். பாப் இசையில் இதற்கு நிகராக நான் சொல்லக்கூடியது மிகக் குறைவு.

அதற்கடுத்த எட்டு ஆண்டுகளை விரைவாகவே கடக்கலாம். 1986-இல் பீட்டர் கேப்ரியலுடன் பாடிய 'டோன்ட் கிவ் அப்' வேலையிழந்தவர்களின் ஆறுதல் பாட்டாயிற்று. 1989-இல் வந்த 'தி சென்ஷுவல் வேர்ல்ட்' ஆல்பத்தில் பல்கேரியாவின் ட்ரியோ பல்கார்கா பெண்கள் மூவரும் பாடினார்கள். அதன் தலைப்புப் பாடலுக்கு ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசஸ்' நாவலில் மோலி புளூம் பேசும் வரிகளையே பயன்படுத்த விரும்பினார். ஜாய்ஸின் வாரிசுரிமை அமைப்பு மறுத்ததால் சொந்த வரிகளை எழுதினார். பின்னாளில் அனுமதி கிடைத்தபோது, 2011-இன் 'டைரக்டர்ஸ் கட்' ஆல்பத்தில் ஜாய்ஸின் சொற்களோடு அதே பாடலை மறுபடி பாடினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பாடலைத் திருத்தக் காத்திருப்பவர்கள் பாப் உலகில் அதிகம் இல்லை. 1992-இல் தாய் இறந்தார். 1993-இன் 'தி ரெட் ஷூஸ்' ஆல்பத்தில் பிரின்சும் எரிக் கிளாப்டனும் பங்கேற்றும், அது சிதறலாகவே இருக்கிறது.

பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் புதிய ஆல்பம் இல்லை. இதைத்தான் பத்திரிகைகள் பேய்மாளிகைக் கதையாக்கின. 1998-இல் கிதார் கலைஞர் டேனி மெக்கின்டாஷுடனான வாழ்க்கையில் மகன் பெர்ட்டி பிறந்தான். அவனை வளர்த்தார், வீட்டு வேலை செய்தார், இடையிடையே பாடல் செய்தார். மகன் பிறந்த செய்தியே ஈராண்டு கழித்துத்தான் வெளியில் கசிந்தது. 2005-இல் இரட்டை ஆல்பமாக வந்த 'ஏரியல்' அந்த வாழ்க்கையிலிருந்தே எழுந்தது. துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் மனம் எங்கெங்கோ போவது ஒரு பாடல்; பை என்ற கணித எண்ணின் இலக்கங்களை வரிசையாக, காதல் பாட்டின் கனிவோடு பாடுவது இன்னொன்று. கணக்குத் தெரிந்தவர்கள் எண்ணிப் பார்த்து, நடுவில் சில இலக்கங்களை விட்டுவிட்டார் என்று கண்டுபிடித்தார்கள். இரண்டாம் தட்டு முழுவதும் ஒரு கோடை நாளைப் பறவைக் குரல்களோடு பின்தொடர்கிறது. 2011-இல் தம் சொந்த நிறுவனமான ஃபிஷ் பீப்பிள் வழியாக '50 வேர்ட்ஸ் ஃபார் ஸ்னோ' வந்தது. ஏழு பாடல்கள், எல்லாம் பனியைப் பற்றியவை, எல்லாம் நீளமானவை.

2014-இல் 'பிஃபோர் தி டான்' என்ற பெயரில் லண்டன் ஹாமர்ஸ்மித் அரங்கில் 22 இரவுகள் பாடினார். மகன் பெர்ட்டிதான் மேடையேறத் துணிவு தந்ததாக அவரே சொன்னார். அவனும் உடன் நடித்தான். நுழைவுச்சீட்டுகள் கால் மணி நேரத்தில் தீர்ந்தன. கைப்பேசியை எடுக்காமல் தன்னை நேரில் பார்க்குமாறு ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். 'தி நைன்த் வேவ்' முழுவதும் மேடைக்கு வந்தது. அதற்கான திரைக்காட்சியில் நீரில் மிதந்தபடியே உண்மையாகப் பாட வேண்டும் என்று வற்புறுத்திப் பல மணி நேரம் தொட்டியில் கிடந்ததில், உடல் குளிர்ந்துபோய் மருத்துவரைப் பார்க்க வேண்டியதாயிற்று. முதல் நான்கு ஆல்பங்களிலிருந்து ஒரு பாடல்கூட அந்த மேடையில் இடம்பெறவில்லை. 'வதரிங் ஹைட்ஸ்' கேட்க வந்தவர்கள் ஏமாந்தார்கள். தன் பழம்புகழைத் தானே மறுபதிப்புச் செய்யாத அந்த நெஞ்சழுத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

2022 மே மாதம் வெளியான 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் மேக்ஸ் என்ற சிறுமியை மரணத்தின் பிடியிலிருந்து இழுத்து வருவதே 'ரன்னிங் அப் தட் ஹில்' பாடல்தான். தம் பாடல்களைப் படங்களுக்கு எளிதில் கொடுக்காதவர், தொடரின் ரசிகர் என்பதாலும் காட்சியைப் படித்துப் பார்த்ததாலும் இசைந்தார். பழைய பாடல்களின் இணையக் கேட்புகளைப் பாதியாகக் கணக்கிடும் விதி பிரிட்டிஷ் பட்டியலில் உண்டு. வேகம் கண்டு இந்தப் பாடலுக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள். ஜூனில் முதலிடம். வெளிவந்து 37 ஆண்டுகளுக்குப் பின் உச்சிக்கு வந்த பாடல், இரண்டு முதலிடங்களுக்கு நடுவே 44 ஆண்டு இடைவெளி, முதலிடம் பிடித்த பெண்களில் மிக மூத்தவர் என்று மூன்று சாதனைகள் ஒருசேர விழுந்தன. அமெரிக்காவிலும் மூன்றாம் இடம். பாடலின் எழுத்துரிமையும் ஒலிப்பதிவுரிமையும் அவரிடமே இருந்ததால், வருமானமும் பெருமளவு அவருக்கே போய்ச் சேர்ந்தது. 1980-களில் உலகப் புகழ்பெற்ற எத்தனையோ பாடகர்களுக்கு இது வாய்க்கவில்லை.

2023-இல் அமெரிக்க ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்ந்தது. விழாவுக்கு அவர் போகவில்லை. அவரைப் போற்றிப் பேசியவர் அவுட்காஸ்ட் குழுவின் ராப் பாடகர் பிக் பாய் என்பதே, அவருடைய தாக்கம் எங்கெல்லாம் பரவியது என்பதைக் காட்டும். 2024-இல் போரில் சிக்கிய குழந்தைகளுக்கு உதவும் வார் சைல்ட் அமைப்புக்காக 'லிட்டில் ஷ்ரூ' என்ற சிறு அசைவூட்டப் படத்தை எழுதி இயக்கினார். அப்போது பிபிசி வானொலியில், புதிய ஆல்பம் செய்யும் ஆவல் இருப்பதாகவும் சொன்னார். அவர் கணக்கில் அது எப்போது வரும் என்று யாரும் பந்தயம் கட்ட வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்களானால், 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' தான். பாடல் வரிசையைக் கலைத்துப் போடும் பயன்முறையை நிறுத்திவிட்டு, அதன் இரண்டாம் பாதியை இரவில், இடைவெளியின்றிக் கேளுங்கள். பிடித்துவிட்டால் 'ஏரியல்' ஆல்பத்தின் இரண்டாம் தட்டுக்குப் போங்கள். அதன்பின் 'நெவர் ஃபார் எவர்'. 'தி ட்ரீமிங்' ஆல்பத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது, அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பாடல்களாக.